நீட்டிய கை

வெள்ளவத்தை மருத்துவமனையின் அறையில், கடற்பக்கத்துக் காலையொளி மங்களேஸ்வரியின் நீட்டிய வலக்கைமேல் விழுகிறது. தசைகளின் வலுவைத் தின்னும் நோய் மீளாதிருக்க மாதந்தோறும் ஏற்றிய புதிய மருந்தை இன்று சோதிக்கிறார்கள். குறித்த நேரத்துக்கு முன் கை தாழ்ந்தால் மருந்து தோற்றதென்று பொருள். “இன்னும் கொஞ்சம், அன்ரி,” என்று டொக்டர் றுஷ்னா சுவர்க்கடிகாரத்தை நோக்குகிறார். கை தாழத் தொடங்குகிறது. அருகில் நிற்கும் கணவர் சிவபாதம், வாய்க்குள் தேவாரம் ஓதியபடியே, அவள் முழங்கையின் கீழ்த் தம் விரலொன்றை மெல்ல வைக்கிறார். கை நிற்கிறது. “அங்கிள், நீங்க தாங்கினா எனக்கு உண்மை வெளங்காதே.” “தாங்கேல்லை பிள்ளை, சும்மா தொட்டுக்கொண்டு நிக்கிறன்.” “தேவாரத்தோட களவு வேற! எடுங்கோப்பா,” என்று மங்களேஸ்வரி சிரிக்க முயல்கிறாள், உதடுகள் இசையவில்லை. அவர் விலக, நீர்வற்றிய ஆம்பல் தண்டெனக் கை மடிமேல் சாய்கிறது. றுஷ்னா கடிகாரத்தை விட்டுப் பார்வையை நிலத்தில் ஊன்றுகிறார். விலக்கிய விரலை எங்கே வைப்பதென்று அறியாமல் சிவபாதம் நிற்கிறார்.