பல்லும் பல்லும் படக்கூடாது

"வாயைத் திறங்க சார். மெதுவா... இன்னும் கொஞ்சம்... அடடா, இதுக்கே பூட்டிக்குதே!"

வந்தவரின் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க மறுத்தது. பிசியோதெரபிஸ்ட் அவர் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். காற்று வாத்தியக்காரர்களின் கழுத்துக்கும் தாடைக்கும் வைத்தியம் பார்ப்பதில் அந்த அம்மாள் கெட்டிக்காரர். வாசல் பலகையிலேயே ஒரு புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வரைந்து வைத்திருந்தார்.

"என்ன வாத்தியம்?"

"ட்ரம்பெட்டுதான் டாக்டர். அதனாலதான் எல்லாம்."

"அதானே பார்த்தேன். தினமும் எவ்வளவு நேரம்?"

"காலையில ஒரு மணி நேரம். சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழட்டினா ஆரம்பிச்சிடும். லீவு நாள்னா கேக்கவே வேண்டாம்."

"வலி எப்போ அதிகம்?"

"மேல் சுரத்துக்குப் போகும்போது. பல்லு ரெண்டும் கிட்டிச்சுக்கும். தோள் தானா காதுக்கு ஏறிடும். கழுத்து எங்கே போச்சுன்னே தெரியாது."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். கதை புதிதல்ல. ஆசையாக ஒரு ட்ரம்பெட்டை வாங்கி, உடம்பைத் தயார் செய்யாமல் ஊதி, ஆறாவது மாதம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார்.

"ஆரம்பத்துலேயே பயிற்சி செஞ்சிருந்தா இது வந்தே இருக்காது. இப்போ ட்ரம்பெட்டைக் கொஞ்ச நாள் பெட்டியில போட்டு மூடிடுங்க."

"ஐயையோ, அது மட்டும் முடியாது டாக்டர்!" அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை கச்சேரி. முதல் தடவையா தனியா வாசிக்கிறது. சின்ன வயசுலேருந்து இருந்த ஆசை. வீடு, வேலை, பசங்க படிப்புன்னு இத்தனை வருஷம் ஓடியாச்சு. இப்போதான் அந்த முகத்துல ஒரு சந்தோஷம். அதை நான் கெடுக்க மாட்டேன்."

தன் முகத்தைப் பற்றியே யாரோ போலப் பேசுகிறாரே என்று டாக்டர் நினைத்தார். கலைஞர்கள் என்றால் கொஞ்சம் அப்படித்தான்.

"சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்களுக்கு என்ன சரியாகணும்?"

"சிரிக்கணும் டாக்டர். கச்சேரி முடியிற வரைக்கும் முகம் சிரிச்ச மாதிரியே இருக்கணும். இப்படிக் கோணிக்கிட்டு நின்னுச்சுன்னா எல்லாம் பாழ்."

"ட்ரம்பெட்டை உதட்டுல வச்சுக்கிட்டு எப்படி சார் சிரிப்பீங்க? நல்ல ஆளு நீங்க!" டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாங்க, எழுந்து நில்லுங்க. முகவாயை உள்ளே இழுங்க. தலையைக் குனியாதீங்க, நேரா பின்னாடி."

இழுத்தார். தொண்டைக்குக் கீழே இரண்டாவது முகவாய் ஒன்று முளைத்தது.

"அழகு! இப்போ நாக்கு நுனியை மேலண்ணத்துல ஒட்டுங்க, முன்பல்லுக்குப் பின்னாடி. ஒட்டினபடியே வாயைத் திறங்க. தோளை இறக்குங்க. நான் தோளைச் சொன்னேன், நீங்க புருவத்தை இறக்குறீங்க!"

கொஞ்ச நேரத்தில் வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. மனுஷருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என்ன ஆனந்தம்!

"சும்மா இருக்கும்போதும் உதடு மூடியிருக்கட்டும், ஆனா பல்லும் பல்லும் படக்கூடாது. அதுதான் முக்கியம். எங்கே, ட்ரம்பெட் கொண்டு வந்திருக்கீங்களா? வாசிக்கும்போது எப்படி நிக்கிறீங்கன்னு பார்க்கணும்."

"வெளியில இருக்கு. இங்கேருந்து நேரா ஒத்திகைக்குத்தான் போகணும். ஆனா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கா. எனக்குக் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துதான் கழுத்து வலின்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. ட்ரம்பெட்டாலன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், அன்னிக்கே பெட்டியை மூடிடுவா. மூச்சு விட்டுடாதீங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவங்களைப் புருஷன் ஆசைக்குக் குறுக்கே நிக்கிற பொம்பளைன்னு நினைச்சீங்களா? நான் பக்குவமாப் பேசிக்கிறேன், விடுங்க."

"வேண்டாம் டாக்டர், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அதற்குள் டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். "அம்மா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. எனக்கு ஒரு பாட்டு கேக்கணும் போல இருக்கு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். முகமெல்லாம் பல். உள்ளே வந்து பெட்டியை மேஜைமேல் வைத்து, கொக்கியை நீக்கி, ட்ரம்பெட்டைத் துணியால் ஒரு துடை துடைத்தாள். டாக்டர் அதை வாங்கிக் கணவரிடம் தரக் கையை நீட்டினார்.

மனைவியோ கழுத்தை நேராக்கி, தோளைத் தளரவிட்டு, ட்ரம்பெட்டைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கணும்னு நீங்களா ஆசைப்பட்டீங்களே டாக்டர், ரொம்ப சந்தோஷம்! இவர் ஒருத்தர்தான் இதுவரைக்கும் பக்கத்துலேயே உட்கார்ந்து கேட்டவர்" என்று சொல்லிவிட்டு ஊதினாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டாக்டரின் தோள்கள் இரண்டும் காதுக்கு ஏறின, பற்கள் கிட்டித்துக்கொண்டன. பக்கத்தில் முகவாயை உள்ளே இழுத்தபடி மனைவியைப் பார்த்து மலர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர், மெல்ல டாக்டரின் காதருகே சாய்ந்தார்.

"நாக்கை மேல ஒட்டுங்க டாக்டர். பல்லும் பல்லும் படக்கூடாது."