பிரபு புறப்பாடு

பெட்டியில் துணிகளை அடுக்கியபடியே வரலாற்று ஆசிரியர் முருகபூபதி மனைவியிடம் சொன்னான். "அந்தக் காலத்து ஜப்பான்ல பிரபுமாரு ஒரு வருசம் தலைநகர்ல குடும்பத்தோட இருப்பாக. மறு வருசம் பொண்டாட்டி பிள்ளைகள அங்கனயே விட்டுட்டு, சொந்தச் சீமைக்குப் போயிரணும். மேலிடத்து உத்தரவு."

"பாவம், விட்டுட்டுப் போறவக மனசு என்ன பாடுபட்டிருக்கும்!" என்றாள் பூங்கொடி.

"போறவுகளுக்கென்ன? குதிரை, படைன்னு பந்தாவாப் போயிருவாக. வீட்டுல இருக்கவுகளுக்குத்தான் கஷ்டம்."

"ஒரு வருசந்தான, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." பூங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேனி பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் நகர்ந்தது. காஷ்மீர் ராணுவ மருத்துவமனைக்கு ஒரு வருடம் மாற்றலாகிப் போகும் நர்ஸ் பூங்கொடி, ஜன்னல் வழியே கையசைத்தாள்.

இடுப்பில் மகளோடு பஸ்ஸை ஒட்டியே ஓடினான் முருகபூபதி. "எறங்குனதும் எஸ்.டி.டி. போடு புள்ள! வேளைக்குச் சாப்பிடு!"

அவன் ஓட ஓட, பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.