தேவயானி மாட்டிய சீல்

“இத ஓட்டினு போயி நா சாவணுமா?” என்றார் கோதண்டபாணி.

வெள்ளை வேட்டியைத் தொடைவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிராக்டரின் பின்சக்கரத்துக்கு உள்ளே செல்போன் டார்ச்சை அடித்தார். பிரேக் டிரம்மின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம்.

ஹேமநாதனின் முகம் சுருங்கியது. கோதண்டபாணி மலையடிவாரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மலைக்கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பழைய டிராக்டரில் உட்காரவைத்து மண்டபத்துக்கு இறக்கிவர வேண்டும் என்பது அவர் திட்டம். இப்போது அதுதான் ஃபேஷன். வீட்டில் அறுபத்தெட்டு மாடல் நிற்கிறது என்று சொல்லி ஹேமநாதன்தான் அவரை வரவழைத்திருந்தான்.

“அந்தப் பக்கம் நல்லா இருக்கும் சார்.”

போய்ப் பார்த்தார். அங்கும் சொட்டியது.

“ரெண்டு பக்கமும் ஊத்துது. ஆக்சில் சீல் போச்சி. கியர் எண்ணெ மொத்தம் பிரேக்குக்குள்ள எறங்கிகினு இருக்குது. மல எறக்கத்துல மிதிச்சா நிக்குமா? மாப்பிளையும் பொண்ணும் நேரா கொளத்துலதான் போயி நிப்பாங்க.”

“சீல் போவலங்க,” என்றாள் தேவயானி. ஹேமநாதனின் மனைவி. அதுவரை ஷெட்டின் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தாள். “போன வாரந்தான் ரெண்டும் மாத்துனது.”

“யாரு மாத்துனது?”

“நாந்தான்.”

கோதண்டபாணி டார்ச்சை அணைத்தார். ஹேமநாதனைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப செரி. இனிமே காரணம் தேட வேணாம்.”

“சீலோட ஸ்பிரிங் பக்கம் உள்ள பாக்கத்தான் போட்டேன். சாஃப்ட்ட எமரி பேப்பரு போட்டுத் தேச்சித் தொடச்சேன். பிரேக் லைனிங்கும் புதுசு. அதுல ஒரு சொட்டு வராதுங்க. டிரம்மக் கழட்டிப் பாருங்க.”

“ஒரு சொட்டு வராதாம்! ஏம்மா, நாப்பது வருசமா வண்டி பாக்கறவன் நானு. கழட்டிப் பாத்துதான் எனக்குத் தெரியணுமா? தொடக்கூட வேணாம். எட்ட நின்னே சொல்லுவேன்.”

சொன்னபடியே எட்டத்தான் நின்றார். தெருநாய் ஒன்று வந்து சக்கரத்தடியில் ஈர மண்ணை நக்கியது.

“பாரு, ஒன் வண்டிக்கு வந்த கிராக்கிய.” செருப்புக் காலால் அதை விரட்டினார்.

ஹேமநாதன் மனைவி பக்கம் பாய்ந்தான். “ஒன்ன யாரு இதத் தொடச் சொன்னது? ஸ்பேனர் புடிச்சா மெக்கானிக்கா நீ? சார், அரக்கோணத்துல நா வேல செய்யற எடத்துல எனக்கு இன்னா பேரு தெரியுமா? டிராக்டர்காரி ஊட்டுக்காரன். சொந்தப் பேரே மறந்துட்டானுங்க. இந்தச் சனியனத் தொலச்சாதான் எனக்கு மரியாத.”

“எங்க நைனா எனக்குக் குடுத்த வண்டி,” என்றாள் தேவயானி. “நாலு நாளா மழ. பதினோரு பேரு ஒழவு ஓட்றதுக்குக் கேட்டுகினு இருக்காங்க. இத வித்துட்டா நா அடுத்தவங்க கொல்லையில களதான் புடுங்கணும்.”

“புடுங்கு. ஊருல எல்லாப் பொம்பளையும் அதத்தான செய்யறாங்க?”

அவள் கோதண்டபாணியைப் பார்த்தாள். “ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. பிரேக் புடிக்கலன்னா அப்பறம் பேசுங்க.”

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதும்மா. ஒன் வண்டியில ஏற நா இன்னா பைத்தியமா?”

ஹேமநாதன் குரலைத் தாழ்த்தினான். “சார், நல்ல மெக்கானிக்கா பாத்து சரி பண்ணிக் குடுத்தா?”

“எத சரி பண்ணுவ? பொம்பள கை வெச்ச ஆக்சிலயா? உள்ள இன்னா இன்னா ஒடச்சி வெச்சிருக்குதோ. சாமானும் கெடைக்காது. சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்பா. எடைக்குப் போட்டாகூட இழுத்துனு போற லாரி வாடகைக்குக் காணாது.”

காரில் ஏறுவதற்கு முன் செருப்பை மண்ணில் நன்றாகத் தேய்த்துக்கொண்டார்.

கார் பொதட்டூர்பேட்டை ரோட்டில் திரும்பி மறையும்வரை ஹேமநாதன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“திருப்தியா ஒனக்கு?”

தேவயானி மறுபடி நக்க வந்த நாயை விரட்டினாள்.

“ஒரு வருசமா அலஞ்சி கெடச்சது ஒரே ஒரு ஆளு. அவரும் காறித் துப்பாத கொறையா போறாரு. இனிமே இத ஒருத்தன்கிட்டயும் காட்ட மாட்டேன். இருக்கற மானமும் போயிடும். நீயே வெச்சிகினு அழு.”

“ஆங்,” என்றாள்.

சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்து டிராக்டர் சீட்டின் மீது வீசிவிட்டு வீட்டுக்குள் போனான். தேவயானி அதை எடுத்துத் தூசி தட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அரக்கோணம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோபத்தில் அவளைக் கூப்பிடாமல் தானே முட்டை பொரிக்கப் போனவன், அடுப்படியிலிருந்து கத்தினான்.

“ஏய்! கடலெண்ண டின்னு ஏன் காலியா கெடக்குது? முந்தாநேத்துதான செக்குல ஆட்டினு வந்து ரொப்பி வெச்சேன்?”

தேவயானிக்குப் பதில் சொல்ல நேரமில்லை; ஒரு வாளித் தண்ணீரில் சீயக்காய்த் தூளைக் கரைத்து எடுத்துக்கொண்டு, பிரேக் டிரம்மின் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.