நானும்

"பொருந்துது" என்றார் டாக்டர்.

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் பங்க் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள்.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் தம்பி. பக்கத்தில் அம்மா.

"பூமிநாதனுக்கு உங்க கிட்னி பொருந்துது, மங்களேஸ்வரி. ஆனா தர்றதும் தராததும் உங்க இஷ்டம். அதைக் கேக்கத்தான் தனியாக் கூப்பிட்டேன்."

உங்க இஷ்டம்.

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா போனதும் இதே நோயில்தான். இப்போது தம்பி.

"எனக்கும் வருமா டாக்டர்?"

"இன்னைக்கு நல்லா இருக்கு. நாளைக்கு வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள். அந்தப் பிள்ளைக்கு இவளை விட்டால் வேறு நாதியில்லை.

தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்தான். அவன் பாலிடெக்னிக் முடிக்கும்வரை பஞ்சாலையில் நின்றாள். அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அது உழைப்பு. தூங்கி எழுந்தால் திரும்ப வரும்.

இது வராது.

"நான் தரலை."

குரல் நடுங்கவில்லை.

டாக்டர் தலையசைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"பொருந்தலைன்னு வெளிய சொல்லிடறேன். உங்க மேல பழி வராது."

எவ்வளவு சுலபம். அம்மா கட்டிக்கொண்டு அழுவாள். என்ன செய்ய, விதி என்பாள். ஊரும் அப்படியே சொல்லும். கொடுக்க நினைத்தும் கொடுத்துவைக்காதவள்.

"வேணாம் டாக்டர். நானே சொல்லிக்கிறேன்."

வெளியே வந்தாள். பெஞ்சுக்கு எதிரே நின்றாள்.

"பொருந்துதாம்மா. ஆனா நான் தரமாட்டேன்."

வராந்தா முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அம்மா கத்தினாள். "சுயநலம் பிடிச்சவளே! கூடப்பொறந்தவன் எப்படியோ போகட்டும், நீ மட்டும் நல்லா இருக்கணுமாக்கும்?"

"நான் மட்டும் இல்லம்மா. நானும்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு டயாலிசிஸ். எப்போதும்போல் அவள் ஆட்டோவோடு அம்மா வீட்டு வாசலுக்குப் போனாள்.

கதவு சாத்தியிருந்தது.

"ஹார்ன் அடிங்கண்ணே."

ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒந் தொணை ஒண்ணும் இங்க வேணாம். போயிரு."

எதிர்வீட்டுப் பெண் கோலமாவும் கையுமாக நின்று பார்த்தாள். குழாயடியில் பேச்சு நின்றது. இன்றைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் தெரியும்படி நடுத்தெருவில் நின்றாள்.

"இன்னொரு தடவை அடிங்கண்ணே. நல்லா அடிங்க."

தாழ்ப்பாள் விலகியது.

தம்பி வந்தான். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன இடது கையை நெஞ்சோடு அணைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி, ஓரமாக ஒட்டி உட்கார்ந்தான். அவளும் ஏறிக்கொண்டாள்.

இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

ரயில்வே கேட் தாண்டியதும் ரோடு முழுக்கப் பள்ளம். ஆட்டோ தூக்கிப் போட்டது.

அவன் நகர்ந்து வந்தான். அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.