ஈரச் சாக்கு

"வெயில் கொட்டகை ஆடுங்க மேல ஈரச் சாக்கைப் போட்டது நீதானே?"

ஆட்டுப் பண்ணை இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

"ஆமா சார், நான்தான்."

மழுப்பக்கூட இல்லை. கொட்டகைக்காரம்மாவுக்கு மழுப்பத் தெரியாது. பதினாறு வருஷமாக ஆடுகளோடு மட்டுமே பேசிப் பழகியவள்.

பக்கத்தில் ஆராய்ச்சி மேடம் கொதித்துக்கொண்டிருந்தாள். கோடை முழுக்கப் பத்து ஆடு நிழலில், பத்து ஆடு வெயிலில். வெயில் ஏற ஏற ஆட்டின் செரிமானமும் ரத்தமும் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கடைசியில் பார்த்தால் இருபது ஆட்டின் ரத்தமும் ஒரே மாதிரி இருந்தது!

"மூணு வருஷ உழைப்பு சார்! மொத்தமும் பாழ்!"

"மேடம், உச்சி வெயில்ல ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா? வாயைப் பொளந்துகிட்டு இரைக்குதுங்க. தீவனத்தை மோந்துகூடப் பாக்கல. தின்னா உடம்புச் சூடு இன்னும் ஏறும்னு அதுங்களுக்கே தெரியுது. அதுல ரெண்டு சினை வேற. அதைப் பாத்துகிட்டு நான் சும்மா நிக்கணுமா?"

"செஞ்சதும் செஞ்சுட்டு வாய் வேறயா?" என்று சீறினார் இயக்குநர்.

மேடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். "சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எடுத்த ரத்தமும் இப்படித்தான் இருக்கு. அன்னிக்கு இவங்களுக்கு லீவு. இன்னொரு ஆளும் கூட்டு!"

இயக்குநரின் குரல் இறங்கியது. "யாருன்னு... உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பேரைச் சொல்லிடுங்க, உங்க வேலையாவது தப்பிக்கும்" என்றாள் மேடம்.

"சொல்ல மாட்டேன்."

"வேலை போயிடும்!"

"போகட்டுமே! வீட்டுல நாலு வயிறு என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கு. இருந்தாலும், வாயில்லா ஜீவனுக்கு இரக்கப்பட்ட ஆளைக் காட்டிக் கொடுத்துட்டு அந்தச் சோறு எனக்கு இறங்காது. கையெழுத்தைப் போடுங்க சார், வாங்கிட்டுப் போயிட்டே இருக்கேன்."

வேலைநீக்க உத்தரவு மேஜை மேல் தயாராக இருந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். கொட்டகைக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

"ஞாயித்துக்கிழமை சாக்கைப் போட்டது நான்தாம்மா" என்றார் மேடத்திடம். "ரவுண்ட்ஸ் வந்தேன். பாத்துட்டுச் சும்மா போக முடியல."



கொட்டகைக்காரம்மா வாசல் வரை போய்த் திரும்பினாள். முகத்தில் நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சார், இனிமே போட்டா சாக்கை நல்லாப் பிழிஞ்சு போடுங்க. சொட்டச் சொட்டப் போட்டுட்டு, அந்த ஈரத்துல உங்க ஷூ தடத்தையும் விட்டுட்டுப் போயிட்டீங்க, திங்கக்கிழமை பூரா அதுங்களுக்கு ஒரே தும்மல்!"