இடது காலின் மேல்

கோல்ஃப் மட்டையை ஓங்கும்போது உடம்பின் கனம் வலது காலுக்குப் போக வேண்டும், அடிக்கும்போது இடது காலுக்கு வந்து சேர வேண்டும். யூனிஸுக்கோ முந்தைய குழிக்கான ஆட்டத்தில் வலது கணுக்கால் பிசகிவிட்டது. அதுவரை அவளும் எதிர்த்து ஆடிய சாருலதாவும் சமம். கடைசிக் குழியில் சாருலதாவின் பந்து குழியில் நட்ட கொடியை ஒட்டிக் கிடந்தது. வலது காலை ஊன்றாமல் யூனிஸ் பாதி ஓங்கி அடித்த பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அடுத்த அடியிலேயே அது குழிக்குள் போனால்தான் கோப்பை கைநழுவாது.

"மணல்ல விழுந்துடுச்சேம்மா," என்றார் அவளுடைய பையைச் சுமந்து வந்த தனபால்.

"விழலண்ணே, நான்தான் போட்டேன். கொடிக்கு முன்னால இருக்கற புல்லு ஏத்தமா இருக்கு, அங்க நின்னா உடம்பு வலது பக்கம் சாயும். மணல்ல அடிக்க இடது கால் போதும்."

"மணல் வீடு கட்டிட்டு வாங்க யூனிஸ், வெயிட் பண்றேன்," என்றாள் சாருலதா.

"குடி வர்றதா இருந்தா கட்டுறேன்."

யூனிஸ் பள்ளத்தில் இறங்கி, இடது பாதத்தைத் திருகித் திருகி ஷூ மறையும்வரை மணலில் புதைத்தாள். வலது ஷூவின் நுனி மட்டும் மணலைத் தொட்டிருந்தது. மட்டை மேலே போனபோதும் அவளுடைய கனம் இடம் மாறவில்லை. மட்டை இறங்கியபோது அந்த நுனியும் எழும்பிவிட்டது. மணல் விசிறியாக விரிந்தது. அதற்குள்ளிருந்து பந்து புறப்பட்டது. தனபால் கொடியைப் பார்த்தார். சாருலதா பந்தைப் பார்க்கவில்லை. தலையில் மணல் உதிர ஒற்றைக் காலில் சாயாமல் நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.