ஏழாவது தட்டு

அழைப்பு மணியை மூன்று முறை அழுத்தியும் உள்ளே சத்தமே இல்லை.

ஜன்னலுக்குள் ஒரு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது. பழைய வீடு, வயரிங் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீவனஹள்ளியில் சாரலும் வெயிலும் ஒன்றாக விழுந்த சனிக்கிழமை. தெருமரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. சண்டை போட வந்தவளுக்கு ஏற்ற பகலே இல்லை.

சண்டை எத்திராஜ் சாரோடு. முன்பின் பார்த்ததில்லை. அலைமணி என்ற இசை மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இலவசமாகத் திறந்து வைத்தவர். நாலு வருடத்துக்கு முன்பு அப்படியே போட்டுவிட்டுக் காணாமல் போனார். விவேக் நகரில் எங்கள் பாடகர் குழுவுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. புதுக் கணினி எதிலும் அது திறக்கவுமில்லை.

முழுதாகச் சரிசெய்வது மலைப்பாக இருந்தது. அதனால் சின்னச் சின்னக் கருவிகளாக எழுதினேன். ஸ்வரம் எழுத ஒன்று, சுருதி மாற்ற ஒன்று, குரல்களைச் சேர்க்க ஒன்று. ஒரு கருவிக்கு ஒரே வேலை. ஆனால் அவர் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் அலைமணியில் சேரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மடல், கூடவே ஓர் ஒலிப்பதிவு. பன்னிரண்டு மடல்கள் போயின. பதிலே இல்லை.

கொழுப்பு என்று முடிவு கட்டினேன்.

பதின்மூன்றாவதை விளையாட்டாகத்தான் எழுதினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முறைக்காமல் இருக்க, தாளத்தைச் சத்தமில்லாமல் ஃபோனின் அதிர்வாகத் தரும் கருவி. அதற்காக அவருக்கு மடல்கூட அனுப்பவில்லை. இணையத்தில் போட்டதோடு சரி.

மறுநாளே ஒரு வரி வந்தது: ‘ஏழாவது தட்டு இமைப்பொழுது பிந்துகிறது.’ கீழே பெயர், வீட்டு முகவரி.

அளந்து பார்த்தேன். உண்மைதான்.

இவ்வளவு கூர்மையான காதை வைத்துக்கொண்டு என் பன்னிரண்டு பதிவுகளுக்கு நேரமில்லையா? அந்தக் கோபம்தான் என்னை பஸ் ஏற்றியது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“லவினாவா? வாம்மா. அவருக்கு நேரா உக்காந்து மெதுவா பேசு, உதட்டைப் பாத்தா புரிஞ்சுக்குவாரு. காது போயி நாலு வருசமாச்சு.”

மணியை அழுத்தியதும் விளக்கு ஏன் மினுக்கியது என்று அப்போதுதான் உறைத்தது.

எத்திராஜ் சார் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஃபோன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கால் கட்டைவிரல் தாளம் போட்டது. ஏழாவதில் மட்டும் ஒரு கணம் காத்திருந்தது.

கண் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு காகிதத்தில் அலைமணியின் கடவுச்சொல்லை எழுதி என் பக்கம் தள்ளினார்.

அதை எடுக்கக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது.

அந்தப் பன்னிரண்டு மடல்களையும் நான் ஒரே வரியில்தான் முடித்திருந்தேன்.

‘கேட்டுட்டுச் சொல்லுங்க சார்.’